2016 லேப்டாப்: எஸ்.எஸ்.டி. போட்டு ஓட்டுவதா, புதுசு வாங்குவதா? உள்ளே இருக்கும் கணக்கையும் படங்களையும் என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை_கேட்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 2016-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஐ3-5005யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் சில துணிக்கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு மென்பொருளான டாலியின் டேட்டா எல்லாம் இதில்தான். அக்கா கல்யாண வீடியோ, அப்பாவின் ஹார்பர் வேலைக் காகிதங்களின் ஸ்கேன், குழந்தை படங்கள் என்று 600 ஜிபி வரை நிரம்பிவிட்டது. வேறு எங்கும் காப்பி கிடையாது.

எங்கள் ஏரியா கடையில் கேட்டேன். "இதில் ஒண்ணும் பண்ண முடியாது சார், எக்ஸ்சேஞ்சில் தள்ளிட்டுப் புதுசு எடுங்க" என்கிறார். மச்சான் "ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப் வைத்த எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும்" என்கிறார். கையில் 45 ஆயிரம் வரை இருக்கிறது, ஆனால் அதைச் செலவழிக்க மனசில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

ரிச்சி_ரவுண்டு:
இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு விடுங்கள். மெஷின் என்ன சொல்கிறது என்று பாருங்கள் தம்பி. மெதுவாக இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு சி.பி.யூ. சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ரேம் 90-ஐத் தாண்டியிருந்தால் ரேமும் கூட்டாளி. சாதாரண வேலைக்கே சி.பி.யூ. முட்டிக்கொண்டு நின்றால் மட்டும்தான் புது லேப்டாப் பேச்சு.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை நேராகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்.பி. பக்கம் வரும். ஆனால் விண்டோஸ் துவங்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். தட்டின் மேல் ஊசி அங்கும் இங்கும் அலைய வேண்டும். அந்த மாதிரி வேலையில் நொடிக்கு 1 எம்.பி. வந்தாலே பெரிய விஷயம். எஸ்.எஸ்.டி.யில் அலையும் ஊசியே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் பொருந்தும் சாட்டா எஸ்.எஸ்.டி. உச்சத்தில் 550 எம்.பி. என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். உங்களுக்குப் பலன் தரப்போவது அந்த எண் இல்லை, சின்ன ஃபைலை உடனே எடுத்துக் கொடுக்கும் வேகம்.

அப்படியே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

எண்ணூர்_ஷிப்ட்:
நான் கடைக்காரர் பக்கம். பத்து வருஷம் உழைத்த மெஷினுக்கு ஓய்வு கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். உங்களுடையது 5-ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் போடலாம்தான், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

வீட்டில் படம் பார்க்கும் மெஷின் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மற்றவர்களுடைய ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் அதை வைத்திருப்பது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை.

பழைய_பெட்டி:
ஷிப்ட் அண்ணன் பாதிதான் சொன்னார். விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். இ.எஸ்.யூ. என்று பெயர். விண்டோஸ் 10-இன் கடைசி வெர்ஷனான 22எச்2-இல் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசில்லாமலே பதிவு செய்யலாம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும்.

இன்னொன்று. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போகிறது. கடை ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுக்கொண்டிருந்த க்ரூஷியல் பிராண்டையே மெமரி சிப் நிறுவனமான மைக்ரான் மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் 45 ஆயிரத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் 8 ஜிபி ரேமை போர்டிலேயே பற்றவைத்த மெல்லிசு மாடல்தான் கையில் கொடுப்பார்கள். நாளைக்கு 16 ஆக்கலாம் என்றால் வழியில்லை. அவசரமில்லாதவர் அவசரப்படக் கூடாது.

எண்ணூர்_ஷிப்ட்:
விலை இறங்கும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

பழைய_பெட்டி:
இறங்கும் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

கொருக்குப்பேட்டை_கேட்:
ரவுண்டு அண்ணா, பார்த்தேன். டிஸ்க் 100, சி.பி.யூ. 15-லிருந்து 20, ரேம் 85. அந்த மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. சி5 என்ற வரிசையில் பெண்டிங் செக்டார் என்று போட்டு ஒரு எண் இருக்கிறது, சைபர் இல்லை. 05 வரிசையிலும் சைபர் இல்லை. இது என்ன கணக்கு? விண்டோஸிலேயே டிஸ்க்கைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறதே, அதை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகட்டுமா?

ரிச்சி_ரவுண்டு:
வேண்டாம். ஓடவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

05 என்பது கெட்டுப்போய், டிஸ்க் தானே மாற்று இடம் கொடுத்துச் சமாளித்த பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் டிஸ்க் திணறிக்கொண்டிருக்கும் பகுதிகள். சி6 என்று இன்னொரு வரிசை இருக்கும், அதையும் பாருங்கள். 05 மட்டும் அசையாமல் நின்றால் சில டிஸ்க் வருஷக்கணக்கில் ஓடும். சி5 சைபராக இல்லாமல், நாளுக்கு நாள் ஏறவும் செய்தால், இன்றைக்கே காப்பி எடுக்க வேண்டும். இந்த நிலையில் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்க விட்டால் அது மணிக்கணக்கில் ஒவ்வொரு அங்குலத்தையும் உருட்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகலாம். ஃபைல் துண்டுகளை அடுக்கி வைக்கும் டிஃப்ராக் வேண்டாம். "வேகமாக்கும்" மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஒரு 1 டிபி அல்லது 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். காப்பி எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் டாலி டேட்டா, அப்பாவின் காகிதங்கள், மற்ற டாக்குமென்ட்கள். இதெல்லாம் சேர்ந்தாலும் சில ஜிபிக்கு மேல் இருக்காது, நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்து குழந்தை படங்கள். கல்யாண வீடியோ கடைசி. டவுன்லோடு செய்த சினிமாவை மறந்துவிடுங்கள். நிறைய பேர் சி டிரைவ் மொத்தத்தையும் செலக்ட் செய்து காப்பி போடுவார்கள். அது பாதியில் கெட்ட இடத்தில் மாட்டி நிற்கும், முக்கியமான ஃபைலுக்கு முறையே வந்திருக்காது.

நீல நிற யூ.எஸ்.பி. ஓட்டையில் செருகுங்கள். பழைய யூ.எஸ்.பி. 2-இல் நொடிக்கு 35 எம்.பி. வந்தால் அதிகம், 600 ஜிபிக்கு ஐந்து மணி நேரம் ஆகும். யூ.எஸ்.பி. 3-இல் டிஸ்க் நல்லபடியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியலாம். உங்கள் டிஸ்க் திணறுவதால் கூடவே ஆகும். ஒரு ஃபைலில் மாட்டினால் ஸ்கிப் கொடுத்து நகருங்கள். விட்டுப்போனதை அப்புறம் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இருக்கும் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் இழுத்துப் பார்க்கலாம். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும்.

கொருக்குப்பேட்டை_கேட்:
கைகால் ஆடுகிறது. இப்போதே மின்ட் தெரு பக்கம் போய் டிஸ்க் வாங்கிவருகிறேன்.

மின்ட்_பிரஸ்:
நடுவில் ஒரு வார்த்தை. நாங்கள் பத்திரிகை, பில் புக் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறோம். டேட்டா காப்பி எடுக்கும்போது எல்லோரும் மறப்பது ஃபான்ட். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் எழுத்து முறை வருவதற்கு முன்னால் அடித்ததெல்லாம் பாமினி, வானவில், இன்னும் அவரவர் கடையில் வாங்கிய ஃபான்ட்கள். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசி வெர்ஷனான 7 வந்தது 2001-இல். அதில் செய்த வேலையை இன்றைக்கு அப்படியே திறக்க அதே பேஜ்மேக்கரும் அதே ஃபான்டும் இருப்பதுதான் நல்லது.

உங்கள் அப்பாவுக்கோ சங்கத்துக்கோ அப்படித் தமிழில் அடித்த கடிதங்கள் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுங்கள். முடிந்தவற்றை பி.டி.எஃப். ஆக்கியும் வையுங்கள், அப்போது படிக்கவாவது முடியும். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் எந்த ஃபான்ட் என்று தெரிந்தால்தான் சரியாக மாறும். அதனால் ஃபோல்டர் பெயரிலேயே ஃபான்ட் பெயரை எழுதிவிடுங்கள். டாலிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். புது வெர்ஷனுக்கு மாற்றிய டேட்டாவைப் பழைய வெர்ஷன் திறக்காது. மாற்றுவதற்கு முந்தைய காப்பி ஒன்று தனியாக இருக்கட்டும்.

திருவொற்றியூர்_மாணவி:
எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பாடு எதற்கு? எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டால் போதாதா? நான் காலேஜ் ரெக்கார்டு எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_பெட்டி:
உங்கள் ரெக்கார்டுக்குப் போதும். 600 ஜிபிக்குப் போதாது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. போட்டோவை அளவில்லாமல் ஏற்றும் சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15-க்குள்தான். மாதக் கட்டணம் கட்டினால் இடம் கிடைக்கும், கட்டுவதை நிறுத்தினால் தலைவலி. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கும் விதியும் இருக்கிறது. அப்பா பெயரில் ஒரு கணக்கு துவங்கிப் படங்களை ஏற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. லேப்டாப் ஃபோல்டரோடு தானாக ஒத்துப்போகும்படி டிரைவை வைத்திருந்தால் அது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் தப்பித்தீர்கள். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் மென்பொருள் வந்து ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைலையே சமர்த்தாக மேலே ஏற்றி வைக்கும்.

மார்க்‌ஷீட், லைசென்ஸ் மாதிரியானவற்றுக்கு டிஜிலாக்கர் நல்லது. ஆனால் அரசு அமைப்பே நேரடியாக வழங்கிய ஆவணமாக அதில் வந்தால்தான் ஒரிஜினலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் ஸ்கேன்தான்.

வியாசர்பாடி_மாடி:
ஊர் நிலைமையை யாரும் பேசவில்லையே. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஏரியா இது. கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்பது எங்களுக்குச் செய்தியே இல்லை. மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. லேப்டாப்பும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தால் இரண்டு காப்பி என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்காகத்தான். மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில். நம் ஆட்களுக்கு வேறு இடம் என்றால் பக்கத்துத் தெரு சித்தி வீடு. அங்கேயும் அதே தண்ணீர்தான் வரும். ஆவடி, திருவள்ளூர், ஊர்ப்பக்கம் என்று தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வந்து புதுப்பிக்கலாம்.

கடலோரக் காற்று இன்னொரு வில்லன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்பு ஈரம். கூடவே லாரிப் புழுதி. டிஸ்க்கைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள்.

திருவொற்றியூர்_மாணவி:
அப்படித் தூர வைக்கும் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாகவே வாங்கிவிடலாமே? கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

வியாசர்பாடி_மாடி:
விழுந்தால் ஆகாதுதான். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் தகவல் மின்னூட்டமாகத் தேங்கி நிற்கிறது. கரண்டே காட்டாமல் கிடந்தால் மெல்லக் கசியும். மெமரி சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக்கின் அளவுகோலின்படி, எழுதும் ஆயுள் முழுவதையும் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் தகவலைக் காத்தால் போதும். புது எஸ்.எஸ்.டி. அதைவிட நிறைய நாள் தாங்கும், ஆனால் சூடு கூடக் கூடக் காலம் குறையும், நம் ஊர் மே மாதம் 30 டிகிரியில் நிற்பதில்லை. தினம் ஓடும் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி., பீரோவில் தூங்கும் காப்பிக்கு ஹார்ட் டிஸ்க். நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

எண்ணூர்_ஷிப்ட்:
சொந்தக்காரர் வீட்டில் வைக்கும் டிஸ்க்கில் துணிக்கடைக்காரர்களின் கணக்கும் இருக்கும், மறக்க வேண்டாம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வையுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் இருக்கிறது, ஹோம் என்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள், டிஸ்க் டப்பாவுக்குள்ளேயே வைக்காதீர்கள்!

நாளைக்குப் புது லேப்டாப் வாங்கினாலும் ஒரு வேலை உண்டு. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டு போனால் அந்தக் கணக்கில் இருக்கும் ரெகவரி கீ இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. வாங்கிய அன்றே அந்தக் கீயைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்:
எல்லோருக்கும் நன்றி. டாலி டேட்டா, காகிதங்கள், குழந்தை படங்கள் முழுசாக வந்துவிட்டன. கல்யாண வீடியோவில் இரண்டு ஃபைல் மாட்டியது, டிடிரெஸ்க்யூ போட்டதில் ஒன்று வந்தது. இன்னொன்று முகூர்த்தம் இல்லை, வரவேற்பில் மேடை ஏறிப் படம் எடுத்துக்கொண்ட வரிசை. அக்காவிடம் சொன்னதற்கு "போனால் போகட்டும்" என்றாள்.

இனி லேப்டாப் பேச்சுக்கு வருவோம். டிஸ்க்கை எப்படியும் மாற்ற வேண்டும். 500 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. போடலாம் என்று நினைக்கிறேன். படங்கள் எல்லாம் வெளி டிஸ்க்குக்குப் போய்விட்டதால் 250-ஏ போதுமா?

ரிச்சி_ரவுண்டு:
250-இல் உங்கள் வேலை நடக்கும். விலை வித்தியாசம் உறுத்தாவிட்டால் 500 எடுங்கள், எஸ்.எஸ்.டி.யை விளிம்பு வரை நிரப்புவது நல்லதில்லை. 2.5 அங்குல சாட்டா என்று கேட்டு வாங்குங்கள். நீளமான குச்சி மாதிரி இருக்கும் என்.வி.எம்.இ. உங்கள் மாடலில் பொருந்தாது. ரேம் சேர்ப்பதாக இருந்தால் டி.டி.ஆர்.3எல், அந்த "எல்" முக்கியம். குறைந்த வோல்ட்டேஜ் ரகம் அது, சாதா டி.டி.ஆர்.3 உங்கள் போர்டுக்கு ஆகாது. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யாதீர்கள், கெட்ட டிஸ்க்கிலிருந்து குளோன் எடுத்தால் கெட்டுப்போன ஃபைலும் சேர்ந்து வரும். விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். கழற்றும்போது ஃபேனில் அடைந்த தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும்.

எண்ணூர்_ஷிப்ட்:
சரி, போடுங்கள். ஆனால் கணக்கு வேலையை 2026 அக்டோபருக்குப் பிறகு இதில் செய்ய வேண்டாம். அதற்குள் கம்பெனிகள் கழித்துவிட்ட 8-ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்று பாருங்கள். திங்க்பேட் டி480 மாதிரி மாடலில் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு, விண்டோஸ் 11-ம் முறையாக ஏறும். வாங்கும் முன் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, செய்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுசாக ஏறும் அளவையும் பாருங்கள். டச்பேட் மேலே புடைத்திருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, தொடவே வேண்டாம்.

பழைய_பெட்டி:
இதில் எனக்கும் மறுப்பில்லை. இந்த ஐ3-இல் அப்புறம் லினக்ஸ் மின்ட் போட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு.

பழைய கணக்கை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று யோசிப்பீர்கள். ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் நீளும். காப்பி எடுத்ததோடு விடாமல், வேறு மெஷினில் டாலி பேக்கப்பை ஒருமுறை ரீஸ்டோர் செய்து போன வருஷ லெட்ஜர் திறக்கிறதா என்று பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்:
சனிக்கிழமை போகிறேன். கடைசியாக ஒன்று. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை "கொடுங்க, ஏதாவது கழிச்சுத் தரேன்" என்று ஏரியா கடைக்காரர் கேட்கிறார். ஃபார்மட் போட்டுக் கொடுக்கலாமா?

ரிச்சி_ரவுண்டு:
கூடாது. சாதாரண குயிக் ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், ஃபைல் உள்ளேயேதான் கிடக்கும், இலவச மென்பொருளிலேயே திரும்ப எடுத்துவிடலாம். அதுவும் கெட்ட செக்டார் இருக்கும் டிஸ்க்கில் முழுசாக மேலெழுதினாலும் சில மூலைகள் தப்பும். காப்பியெல்லாம் திறக்கிறது என்று உறுதியாகும் வரை பீரோவில் கிடக்கட்டும். அப்புறம் மூடியைக் கழற்றித் தட்டை நன்றாகக் கீறி, இ-வேஸ்ட் வாங்கும் இடத்தில் கொடுங்கள். நட்சத்திர முனை உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், ரிச்சி தெருவிலேயே கிடைக்கும், எஸ்.எஸ்.டி. வாங்கும்போது அதையும் கேளுங்கள்.